சிங்கப்பூரில் ஓ.டி. (ஓவர்டைம்) பணம் குறைகிறதா? முதலில் கணக்கைப் போடுங்கள்

வணக்கம். சிங்கப்பூரில் ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்கிற நம் ஆட்களுக்காக இந்த வீடியோ. பேங்கில் சம்பளம் ஏறியதும் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், சூப்பர்வைசரிடம் கேட்டால் "கம்பெனி கணக்கு அப்படித்தான்" என்பார், பேச்சு அதோடு முடிந்துவிடும். முடிய விடாதீர்கள். எப்படிக் கணக்குப் போட வேண்டும் என்று சட்டமே சொல்லியிருக்கிறது.

ஊரிலிருந்து கிளம்பும்போது கிடைத்த ஐ.பி.ஏ. கடிதத்தை, அதாவது ஒர்க் பெர்மிட்டுக்கான முன்ஒப்புதல் கடிதத்தை எடுங்கள். ஏஜென்ட் வாயால் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும், இதில் போட்டிருக்கிற அடிப்படைச் சம்பளம்தான் உங்களுக்குப் பிடிமானம். நீங்கள் எழுத்தில் சம்மதிக்காமல் அதைக் குறைக்க முடியாது. அதனால்தான் சிலர் வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போடவே போடாதீர்கள்.

(திரையில்: 800 × 12 ÷ 2,288)

அடிப்படைச் சம்பளம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வையுங்கள். 12 மாதத்துக்கு 9,600. வருடத்துக்கு 52 வாரம், வாரத்துக்கு 44 மணி நேரம், ஆக 2,288 மணி நேரம். வகுத்தால் மணிக்குச் சுமார் 4.20 வெள்ளி வரும். ஓ.டி.க்கு குறைந்தது ஒன்றரை மடங்கு, அதாவது 6.29 வெள்ளி தர வேண்டும். மாதம் 60 மணி நேரம் ஓ.டி. பார்த்தவருக்குச் சாதாரண ரேட்டையே போட்டுக் கொடுத்தால் அந்த ஒரு மாதத்தில் மட்டும் சுமார் 125 வெள்ளி போய்விடுகிறது, வருடம் முழுக்க இப்படியே போனால் எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஓய்வு நாளில் முதலாளி கூப்பிட்டு முழு நாள் வேலை பார்த்தால் இரண்டு நாள் சம்பளம். வெளிநாட்டு ஆளை வைத்திருப்பதற்காக முதலாளி அரசுக்குக் கட்டுகிற லெவியை உங்கள் சம்பளத்தில் பிடிப்பதும், பேங்கில் முழுசாகப் போட்டுவிட்டு ரொக்கமாகத் திருப்பிக் கேட்பதும் குற்றம்.

சரி, ஆதாரம்? 2016 ஏப்ரலிலிருந்து சம்பளச் சீட்டு கட்டாயம், ஓ.டி. மணி நேரமும் அதில் தனியாக இருக்க வேண்டும். தராவிட்டால் டைம் கார்டை தினமும் போட்டோ எடுங்கள், கார்டே இல்லையென்றால் வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எந்த சைட் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதை அன்றன்றைக்கே வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், போன் தொலைந்தாலும் கணக்கு தொலையாது.

புகாரை டி.ஏ.டி.எம். என்கிற வேலைத் தகராறு தீர்க்கும் அமைப்பில் கொடுக்க வேண்டும். வேலையில் இருக்கும்போது என்றால், பணம் குறைந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறே மாதம். "முடியும்போது தருகிறேன்" என்று முதலாளி இழுக்க இழுக்க உங்கள் புகாருக்கான கெடுதான் கரைகிறது. விவரம் புரியவில்லை என்றால் புலம்பெயர்ந்த தொழிலாளர் நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். புகார் கொடுத்தால் டி.ஏ.டி.எம்.மில் முதலில் இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் வேலைக் கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே முதலாளியும் வக்கீல் வைக்க முடியாது, உங்கள் நோட்டும் அவர் காகிதமும்தான் பேசும். 20,000 வெள்ளி வரை கேட்கலாம்.

பெர்மிட்டை ரத்து செய்துவிடுவார்களே என்ற பயம் நியாயமானதுதான். அந்த பயத்தில்தான் பலர் வாயைத் திறப்பதில்லை. ஆனால் புகார் விசாரணையில் இருக்கும்போது உங்களை ஊருக்கு ஏற்றிவிட அவர்களுக்கு உரிமை கிடையாது. டிக்கெட்டோடு சாங்கி விமான நிலையம் வரை கொண்டுபோய் விட்டாலும், குடிநுழைவு கவுண்டரில் பாஸ்போர்ட்டை நீட்டும்போதே அதிகாரியிடம் "சம்பள பாக்கி இருக்கிறது, எம்.ஓ.எம்.மில் (மனிதவள அமைச்சில்) பேச வேண்டும்" என்று சொல்லுங்கள்.