பட்டியலை முதலில் மேசையில் வைத்தவர்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வட்டாரத் தொண்டு சங்கங்களின் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். லிந்தாங் பக்கமிருந்து மோட்டாரில் வந்தவர்கள், கோயில் வேலையை முடித்த கையோடு வந்தவர்கள், எல்லாரும் பசியாறிவிட்டீர்கள் என்று நம்புகிறேன்.

கூட்டுத் தலைமைத்துவம் பற்றிப் பேசச் சொன்னார்கள். இந்த ஊரில் நின்று அதைப் பேசும்போது துன் சம்பந்தனை விட்டுவிட்டுத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. ம.இ.கா. தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர், இந்த மண்ணில் பிறந்தவர். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் நிலத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்தவர்களுக்கு வேலையும் போனது, வீடும் போனது. தோட்டத்தைத் தொழிலாளர்களே வாங்கட்டும் என்று 1960இல் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஒரு பங்கு 100 வெள்ளி (ரிங்கிட்). மொத்தமாகக் கொடுக்க யாரிடம் இருந்தது? மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள். அடுத்த வருஷமே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் கைக்கு வந்தது.

பால்மரம் வெட்டிப் பிழைத்தவருக்கு அன்றைக்கு 10 வெள்ளி சின்னக் காசு இல்லை. அந்தக் காசைக் கட்டியவர் வெறும் நன்கொடையாளராக நின்றுவிடவில்லை, உறுப்பினர் ஆனார். கூட்டுறவில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஓட்டு ஒன்றுதான். உறுப்பினர் சேர்க்கச் சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியதை எல்லாரும் பெருமையாகச் சொல்கிறோம். இந்த ஒரு ஓட்டு விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

சரி, நம் கதைக்கு வருகிறேன். ஏழு வருஷத்துக்கு முன், பள்ளி திறக்கும் நேரம். ஒரே பையனுக்கு மூன்று புத்தகப்பை கிடைத்தது. கோயில் ஒன்று கொடுத்தது, இளைஞர் மன்றம் ஒன்று கொடுத்தது, வெளியூர்ச் சங்கம் ஒன்று கொடுத்தது. அதே வாரம், செம்பனைக்கு உள்ளே ஏழெட்டு வீடு மட்டும் மிஞ்சியிருந்த ஒரு பழைய லயத்தில், அண்ணனுடைய கிழிந்த பையில் ஊக்கு குத்திக்கொண்டு ஒரு பெண் பிள்ளை பள்ளிக்குப் போனாள். அங்கே கோயில் கமிட்டி கிடையாது, மன்றம் கிடையாது. அதனால் யாருடைய உதவிப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. எனக்கு அன்றைக்கு வந்த வேதனை இன்னும் ஆறவில்லை.

உடனே சங்கங்களைக் கூப்பிட்டோம். எல்லாரும் வந்தார்கள். ஆனால் பட்டியலைக் காட்டச் சொன்னால் யாரும் காட்டவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வீடு வீடாக நடந்து எழுதிய பெயர்கள் அவை. பட்டியல் யாரிடம் இருக்கிறதோ அவரைத் தேடித்தான் நன்கொடையாளர் வருவார், பத்திரிகைப் படத்தில் அவர்தான் நிற்பார். இரண்டு கூட்டம் தேநீரோடு முடிந்தது. மூன்றாவது கூட்டத்தில், பேசவே பேசாத ஓர் அம்மா, கோயில் மாதர் பகுதியின் பொருளாளர், கைப்பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். "எங்களிடம் 43 பிள்ளைகள். பாருங்கள்" என்றார். அவ்வளவுதான். மற்ற நோட்டுகளும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

அன்றைக்குத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான். தலைமை தாங்கியது அவர்.

'ஏன் இத்தனை சங்கம், எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடலாமே' என்று இப்போதும் சிலர் கேட்கிறார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் கோயில் கமிட்டியும் மாதர் சங்கமும் 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவானவை. இளைஞர் மன்றத்துக்கு 2007இல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது. கூட்டுறவுக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டம். பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கல்விச் சட்டத்துக்குள் வருகிறது. கணக்குக் காட்டும் இடமும் பொறுப்புச் சொல்லும் ஆட்களும் வேறு வேறு. சட்டத்தை விடுங்கள், பாட்டன் காலத்துக் கோயில் பெயரை யார் விட்டுக்கொடுப்பார்கள்? விட்டுக்கொடுக்கச் சொல்லவும் கூடாது. பெயர் அவரவருடையதாகவே இருக்கட்டும். வேலையைச் சேர்ந்து செய்தால் போதும்.

அப்படிச் செய்யச் சில ஏற்பாடுகள் வேண்டியிருந்தன. கூட்டத்தை நடத்துபவர் நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாறுவார், இடமும் மாறும். இந்த மாறி மாறிப் போவதில்தான் நான் அதிகம் கற்றேன். எல்பில் தோட்டத்தில் உட்கார்ந்து பேசும்போது பஸ் இல்லாத பிரச்சினை தானாக முதலில் வருகிறது. டவுனில் பேசினால் அது கடைசியில்கூட வருவதில்லை. பொதுக் காசுக்கு ஓர் உறுப்புச் சங்கத்தின் கணக்கைத் தனியாக ஒதுக்கி, ஒவ்வொரு மாதமும் வரவு செலவை எல்லாருக்கும் வாட்சாப்பில் அனுப்புகிறோம். பை கொடுக்கும் இடத்தில் பதாகை கட்டுவதில்லை, பிள்ளைகளைப் படம் எடுப்பதில்லை. இதனால் ஒரு பெரிய நன்கொடையாளர் விலகிப் போனார். அந்த வருஷம் சிரமப்பட்டோம். ஆனாலும் அந்த முடிவு சரிதான்.

நான் செய்த தவறையும் சொல்ல வேண்டும். இரண்டாவது வருஷம் ஒரு நிறுவனம் கணினிகள் தருவதாகச் சொன்னது. நாளைக்குள் பதில் வேண்டும் என்றார்கள். யாரையும் கேட்காமல் நான் சரி என்றேன். கணினிகள் வந்தன. வைக்க இடமும் சொல்லிக்கொடுக்க ஆளும் இருந்த சங்கம் ஒன்றே ஒன்று. எல்லாம் அங்கே போனது. இரண்டு சங்கங்கள் வருவதை நிறுத்திக்கொண்டன. 'உங்களிடம் கேட்காமல் முடிவெடுத்தது என் தவறு' என்று சொல்ல நான் இரண்டு வீட்டுக்கும் போனேன். ஒரு சங்கம் திரும்பி வந்தது. இன்னொன்று வரவில்லை. அவர்களுடைய பகுதியிலிருந்து இப்போது எத்தனை பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. தலைவர் அவசரப்பட்டால் இழப்பு பிள்ளைகளுக்குத்தான் போய்ச் சேருகிறது.

அந்த ஊக்குப்பைப் பெண் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். அவள் லயத்தில் இன்றைக்கு மூன்று குடும்பம்தான் பாக்கி. அவர்களில் ஓர் அப்பா எங்கள் கூட்டத்துக்கு வருகிறார். எந்தச் சங்கத்தையும் சேராதவர், ஆனாலும் அவருக்கும் ஒரு ஓட்டு உண்டு.

வருகிற மாதத்தோடு என் முறை முடிகிறது. அடுத்த கூட்டம் அந்த லயத்திலேயே, அவர் வீட்டு வாசலில். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து செம்பனைக்குள் கொஞ்சம் நடக்க வேண்டும். அவரவர் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவாருங்கள்.