சரக்குப் பாதையில் போன சமயம்

(திருப்பூர் வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

டெல்லிக்குப் போன பலரும் தாமரைக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். 1986-இல் திறந்தது. சிலை இல்லை, பூசாரி இல்லை. அதைக் கட்டிய பகாய் சமயத்தார் எப்படிக் கடல் தாண்டினார்கள் என்பதைச் சொல்லத்தான் வந்தேன். ஏற்றுமதி செய்து பிழைக்கிற இந்த ஊருக்கு அது நன்றாகவே புரியும்.

1844-இல் ஈரானின் ஷிராஸ் நகரில் ஓர் இளைஞர் புதிய யுகம் பிறந்துவிட்டதென்று அறிவித்தார். ‘பாப்’ என்பார்கள். மதகுரு அல்ல, வியாபாரி. 1850-இல் தப்ரீஸில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நம்பியவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். அவர் வழியில் வந்து பகாய் சமயத்தை நிறுவிய பகாவுல்லாவை பாக்தாத், இஸ்தான்புல் என்று நாடு கடத்தி, 1868-இல் இன்றைய இஸ்ரேலில் உள்ள அக்கா என்ற ஊரின் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள்.

சரி, தலைவர் சிறையில். இயக்கம் அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஷேக் சல்மான் என்று ஒருவர், ஈரான் அன்பர்களின் கடிதங்களைச் சுமந்துகொண்டு அக்கா வரை நடந்தே போவார், பதிலோடு நடந்தே திரும்புவார். வழியெல்லாம் ரொட்டியும் வெங்காயமும்தான் சாப்பாடு. ஒன்றல்ல, பல ஆண்டுகள்! அந்தச் சமயத்தின் எந்தத் தத்துவத்தையும்விட அந்த மனிதரின் கால்களை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பாபின் தாய்வழி உறவினர்கள் பம்பாயில் வணிகம் செய்தார்கள். நம் பக்கம் மாமன் மச்சான் கூடி பனியன் கம்பெனி நடத்துவதுபோல, அவர்களும் சொந்தபந்தமாகவே தொழில் செய்தவர்கள். அங்கே அச்சகம் வைத்து பகாவுல்லாவின் நூல்களையும் அச்சிட்டார்கள்.

பகாவுல்லா அனுப்பிய சுலைமான் கான் 1870-களில் இந்தியா முழுக்கச் சுற்றினார். மதராஸ் குடும்பத்துக்காரரான சையத் முஸ்தபா ரூமி அவரோடு சேர்ந்தார். இருவரும் 1878-இல் பர்மா போனார்கள். நம்மவர்கள் பிழைப்புக்குப் போன அதே பர்மாதான். அங்கே உருவான அன்பர்கள் 1899-இல் ஒரு பளிங்குப் பேழை செய்து அனுப்பினார்கள். ஈரானில் பல்லாண்டு இடம் மாற்றி மாற்றி ஒளித்து வைத்திருந்த பாபின் உடலை, 1909-இல் அக்காவுக்குப் பக்கத்து ஊரான ஹைஃபாவின் கர்மேல் மலையில் அந்தப் பேழையில்தான் அடக்கம் செய்தார்கள்.

அமெரிக்காவில் இந்தச் சமயம் 1894 வாக்கில் சிகாகோவில் தொடங்கியது. அப்புறம் பகாவுல்லாவின் மகன் அப்துல் பகா, 1908-இல் விடுதலையாகி, முதுமையிலும் ஐரோப்பா, அமெரிக்கா என்று பயணம் போய்ப் பேசினார்.

இத்தனை நாடுகள் இடம் கொடுத்தன. பிறந்த ஈரானில் மட்டும், பகாய் என்று சொல்லும் பிள்ளைகளுக்கு இன்றும் பல்கலைக்கழகத்தில் இடம் கொடுப்பதில்லை. அது அநியாயம்.