கூறு போட்ட கோல்ஃப்

வணக்கம் நேயர்களே. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலையில் நடக்கிறவர்கள், காந்தி சிலைக்குப் பக்கத்தில் நோட்டும் கையுமாக உட்கார்ந்து சண்டை போடும் ஏழெட்டுப் பெரிசுகளைப் பார்த்திருக்கலாம். அது நாங்கள்தான். சண்டை சொத்துக்காக இல்லை. அமெரிக்காவில் யாரோ ஒருவர் பந்தை மட்டையால் எத்தனை தடவை அடித்துக் குழிக்குள் தள்ளினார் என்பதற்காக.

எங்களில் ஒருவர்கூட கோல்ஃப் மட்டையைத் தொட்டதில்லை. ஒரு நண்பரின் மகன் அட்லாண்டாவில் வேலை பார்க்கிறார். அவருடைய ஆபீசில், போட்டிக்கு முன்னாடியே ஆளாளுக்குச் சில ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எழுதிவைத்து, யாருடைய ஆட்கள் நன்றாக ஆடினார்கள் என்று கணக்குப் பார்க்கிறார்கள் என்று சொல்லப்போக, எங்களையும் தொற்றிக்கொண்டது. வருஷத்துக்கு நாலே போட்டிதான்: ஏப்ரலில் மாஸ்டர்ஸ், மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப், ஜூனில் யூ.எஸ். ஓப்பன், ஜூலையில் பிரிட்டன் பக்கம் நடக்கும் ஓப்பன். அதற்கு மேல் வைத்தால் வீட்டில் சோறு கிடைக்காது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ரெண்டு வார்த்தை. ஒரு சுற்றுக்கு 18 குழி. வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நாலு சுற்று, 72 குழி. கிரிக்கெட்டுக்கு நேர் எதிர், குறைவாக எடுத்தவர்தான் ஜெயிப்பார். ஒரு குழிக்கு இத்தனை அடி போதும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், அதுதான் பார். அதைவிட ஒன்று குறைந்தால் பேர்டி, ஒன்று கூடினால் போகி. நமக்குப் போகி பழசைக் கொளுத்துகிற நாள். அங்கே வயிறு எரிகிற சமாச்சாரம்.

எல்லோரும் நட்சத்திர ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லரையே எடுத்தால் ஆட்டம் சப்பென்று போய்விடும். அதற்கு வழி பெரிய மார்க்கெட்டில் கிடைத்தது. மீன்கார அம்மா கூறு கட்டி வைக்கிற மாதிரி, உலகத் தரவரிசையில் முதல் பத்துப் பேர் ஒரு கூறு, அடுத்த பத்துப் பேர் ஒரு கூறு என்று ஐம்பது வரை ஐந்து கூறு. அதற்குக் கீழே இருப்பவர்கள் மொத்தமாக ஆறாவது கூறு. முதல் கூறு வஞ்சிரம், கடைசிக் கூறு பொடிமீன். கூறுக்கு ஒருவராக ஆறு பேரை எடுக்க வேண்டும். மாஸ்டர்ஸ் என்றால் நம்மூர் நேரப்படி வியாழன் மாலை 5 மணிக்குள் நோட்டில் ஏறிவிட வேண்டும். ஏறின பேரை அப்புறம் அழிக்கக் கூடாது.

அடுத்தது கட். ரெண்டாம் நாள் முடிந்ததும் ஆட்களைக் கழித்துவிடுவார்கள். மாஸ்டர்ஸில் முதல் 50 இடமும், அந்த ஐம்பதாவது இடத்தில் சமமாக நிற்பவர்களும் மட்டும் சனி, ஞாயிறு ஆடுவார்கள். முதல் வருஷம் நாங்கள் கோட்டை விட்டது இங்கேதான். ஆறு பேர் கணக்கையும் கூட்டினோம். வெளியே போனவருக்கு நாள் ஒன்றுக்கு 90 அடி என்று தண்டம் வேறு. சனிக்கிழமை காலையிலேயே பாதிப் பேருக்கு ஆட்டம் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம் கடற்கரைக்கு வந்தவர்கள் மூன்றே பேர். கடைசியில் கிடப்பவருக்கும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கண் விழிக்க ஒரு காரணம் வேண்டாமா? இப்போது ஆறு பேரில் சிறந்த நாலு பேர் கணக்கு மட்டும்தான். தண்டம் 80. அதோடு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கென்று தனிப் பரிசு, கால் கிலோ காபித்தூள். இந்தக் காபித்தூள் வந்த பிறகு ஒருத்தரும் பாதியில் ஓடவில்லை.

காசு கிடையாது. கிரிக்கெட்டுக்குச் செயலியில் பணம் கட்டி எங்களில் ஒருவர் பட்ட பாடு போதும். காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தடுத்தது. எங்கள் பந்தயம் அன்றும் இன்றும் தோசைதான். ஜெயித்தவருக்கு ஓசி, பில்லை மற்றவர்கள் பங்கு போடுவோம்.

2025 மாஸ்டர்ஸைச் சொல்லியே ஆகவேண்டும். எங்களில் ஒருவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு இப்போது பாரிஸ் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். அவர் நடுக்கூறிலிருந்து ஜஸ்டின் ரோஸை எடுத்தார். ஏன் என்று கேட்டால், "பேரு நல்லா இருக்குப்பா" என்றார். ரோஸ் வியாழக்கிழமை 65 அடித்து முதலிடம், சனிக்கிழமை 75. பிரான்ஸ்காரர் எங்கள் பட்டியலில் அடிமட்டத்துக்குப் போய்விட்டார். முதல் கூறிலிருந்து ரோரி மெக்கில்ராயை எடுத்திருந்த போஸ்ட் ஆபீஸ் நண்பர் போன் போட்டு, "ரோஜா வாடிடுச்சா?" என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ் 66 அடித்தார். மெக்கில்ராய் 13ஆம் குழியில் பந்தைத் தண்ணீரில் போட்டார். கடைசிக் குழியில், ஒரு ஆள் படுத்தால் எட்டிவிடுகிற தூரத்திலிருந்து தள்ளியதும் உள்ளே விழவில்லை. 73. 72 குழி முடிவில் ரெண்டு பேரும் 277. அப்புறம் அதே 18ஆம் குழியில் பிளேஆஃப், அதாவது சமத்தைத் தீர்க்கிற கூடுதல் ஆட்டம், அதில் மெக்கில்ராய் பேர்டி போட்டு ஜெயித்தார். நாலு பெரிய பட்டங்களையும் வாங்கிய ஆறாவது ஆள் அவர். இங்கே அப்போது திங்கட்கிழமை விடியற்காலை ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால். அன்றைக்குச் சித்திரை ஒன்று. அடுக்களையில் வேப்பம்பூ வறுபடுகிறது, என் மனைவி எட்டிப் பார்த்து, "வருஷப் பொறப்பும் அதுவுமா டிவி முன்னாடி என்னங்க கூத்து?" என்கிறாள்.

கூத்து அதற்கப்புறம்தான். மற்ற ஆட்டக்காரர்களும் கை கொடுத்ததில், நோட்டைக் கூட்டினால் போஸ்ட் ஆபீஸும் பிரான்ஸும் சமம். மெக்கில்ராய் பிளேஆஃபில் போட்ட பேர்டியைக் கழி என்கிறார் போஸ்ட் ஆபீஸ். அது ஆட்டத்தில் சேராது என்கிறார் பிரான்ஸ். நோட்டில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதாமல் விட்டது நான். 72 குழிக்கு மேல் கணக்கு கிடையாது, ரெண்டு பேருக்கும் தோசை என்று தீர்ப்புச் சொன்னேன். போஸ்ட் ஆபீஸ் ஒரு வாரம் என்னோடு நடக்க வரவில்லை. இப்போது ஆறு பேரோடு, ஜெயிக்கிறவரின் மொத்தம் எத்தனை என்று ஒரு எண்ணையும் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுகிறேன். சமமானால் கிட்டத்தில் சொன்னவருக்குத்தான் தோசை.

ஞாயிற்றுக்கிழமைப் பரிசான காபித்தூளை பிரான்ஸ்காரருக்காகப் பாரிஸுக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டோம். தோசையை அனுப்ப முடியாதே. பிரான்ஸ்காரர் பேரில் நோட்டில் அது இன்னும் பாக்கி நிற்கிறது. போன் பேசும்போதெல்லாம், "சாதாவா, மசாலாவா?" என்று கேட்கிறார்.

நன்றி, வணக்கம்.