ஆறு இடம் மாறினால் நிலம் யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்தே காலத்தை ஓட்டியவன் நான். ஒரு சர்வேயரிடம் போய் "எல்லை எது?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஆறே ஓடினாலும் அதைக் காட்டமாட்டார். கல்லைத்தான் தேடுவார். தண்ணீரை நம்பி எல்லை சொன்னால் அடுத்த வெள்ளம் வடிந்ததும் இரண்டு பங்காளிகள் வாசலில் வந்து நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு நாடுகளே அப்படிப் பங்காளிச் சண்டை போட்ட ஊர் ஒன்று உண்டு. அமெரிக்காவில், டெக்ஸாஸ் மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் எல் பாசோ. மகளுடைய குடும்பம் அந்தப் பக்கம் இருந்ததால் சில வாரம் அங்கே தங்க வாய்த்தது. வாய்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பழைய வரைபடங்களைப் புரட்ட ஆரம்பித்துவிட்டேன். தொழில் புத்தி.

எல் பாசோ எவ்வளவு ஓரத்தில் இருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். டெக்ஸாஸின் பெரிய நகரமான ஹூஸ்டனைவிட, கலிஃபோர்னியாவில் பசிபிக் கரையில் இருக்கும் சான் டியேகோதான் இந்த ஊருக்குப் பக்கம். டெக்ஸாஸின் பெரும்பகுதிக்கு ஒரு மணி என்றால் இவர்களுடைய கடிகாரம் ஒரு மணி நேரம் பிந்தி ஓடும். ஆனால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், இன்னொரு பெருநகரம் இருக்கிறது: மெக்சிகோவின் ஹுவாரெஸ். 2020 கணக்குப்படி எல் பாசோவில் ஏறக்குறைய 6 லட்சத்து 79 ஆயிரம் பேர், ஹுவாரெஸில் 15 லட்சம் பேர். நடுவில் ஓடும் ஆற்றுக்கு வடகரையில் ரியோ கிராண்டே என்று பெயர், தென்கரையில் ரியோ பிராவோ.

1846இல் தொடங்கிய போரில் மெக்சிகோ தோற்றது. 1848இல் குவாதலூப்பே ஹிதால்கோ ஒப்பந்தம் எழுதினார்கள். இந்தப் பகுதியில் ஆற்றின் நடுவே, ஆழமான ஓட்டம் எதுவோ அதுதான் எல்லை என்று முடிவானது. 1852இல் இரு நாட்டு அளவையாளர்களும் வந்து அளந்து படம் போட்டார்கள். ஒழுங்காகத்தான் அளந்தார்கள். ஆறுதான் ஒழுங்காக இல்லை. வண்டலும் மணலுமான படுகை அது. மலையில் பனி உருகும் காலத்தில் பெருகி வந்து கரையை அரிக்கும். அரித்து அரித்துத் தெற்கே நகர்ந்தது. 1864இல் பெருவெள்ளம் வந்தது. அதற்குப் பிறகும் நகர்வது நிற்கவில்லை. 1870களில் பார்த்தால், மெக்சிகோ கரையில் இருந்த சுமார் 600 ஏக்கர் நிலம் ஆற்றுக்கு வடக்கே, அமெரிக்கப் பக்கத்தில் கிடந்தது. அங்கே மண்டிக் கிடந்த ஒரு புதர்ச் செடியின் பெயரால் அந்த இடத்துக்குச் சமிசால் என்று பெயர்.

நிலம் நகரவில்லை, கவனியுங்கள். ஆறுதான் நிலத்தைத் தாண்டிப் போனது. எல் பாசோக்காரர்கள் அங்கே வீடு கட்டிக் குடியேறிவிட்டார்கள். அதில் ஒரு பகுதி பெத்ரோ கார்சியா என்ற மெக்சிகோக்காரரின் குடும்ப நிலம். அவர் 1895இல் ஹுவாரெஸ் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். நிலம் ஒரு நாட்டில், பத்திரம் இன்னொரு நாட்டில். எந்தத் தாசில்தாரிடம் போய் முறையிடுவது?

இந்த மாதிரி வழக்குக்கு ரோமானியர் காலத்திலிருந்து வரும் விதி ஒன்று இருக்கிறது. ஆறு கொஞ்சம் கொஞ்சமாக ஒரு கரையை அரித்து மறு கரையில் வண்டலைச் சேர்த்தபடி நகர்ந்தால், எல்லையும் கூடவே நகரும். ஒரே வெள்ளத்தில் சடாரென்று புது வழி வெட்டிக்கொண்டு பாய்ந்தால், எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். 1884இல் இரு நாடுகளும் இதையே உடன்படிக்கையாக எழுதிக்கொண்டன. அதாவது, ஆறு எங்கே போனது என்று கேட்டால் போதாது. எப்படிப் போனது என்று கேட்க வேண்டும். மெல்லப் போனதா, பாய்ந்து போனதா? சமிசாலில் இரண்டும் நடந்திருந்தது. கேட்பதற்குச் சாட்சி யார்? கிழவர்களைக் கூட்டி வந்து வாக்குமூலம் வாங்கினார்கள்.

இதற்கு நடுவே 1899இல் இன்னொரு கூத்து. வெள்ளத்தைத் தடுக்க, வளைந்து போன ஆற்றைக் குறுக்கே வெட்டி நேராக்கினார்கள். வளைவுக்குள் இருந்த மெக்சிகோ நிலம் ஆற்றுக்கு வடக்கே மாட்டிக்கொண்டது. மனிதன் வெட்டிய கால்வாய் என்பதால் எல்லை மாறவில்லை. ஆக, எல் பாசோ நகரத்துக்குள் நாக்கை நீட்டிக்கொண்டு மெக்சிகோ மண். கோர்டோவா தீவு என்பார்கள். சுற்றித் தண்ணீர் கிடையாது, பெயர்தான் தீவு. மதுவிலக்குக் காலத்தில் கடத்தல்காரர்களுக்கு இதைவிட வசதியான இடம் வேறு ஏது?

1909 அக்டோபரில் அமெரிக்க அதிபர் டாஃப்ட்டும் மெக்சிகோ அதிபர் போர்ஃபிரியோ தியாஸும் இங்கே சந்தித்தார்கள். இரு நாட்டு அதிபர்களின் முதல் சந்திப்பு அது. ஊரெல்லாம் தோரணம், ஊர்வலம். சமிசாலில் மட்டும் எந்த நாட்டுக் கொடியும் பறக்கக் கூடாது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். தாவாவில் இருக்கும் நிலத்தில் யாரும் வேலி போடக் கூடாது என்று நாம் சொல்வோமே, அதேதான்.

1911இல் நடுவர் மன்றம் கூடியது. அமெரிக்கர் ஒருவர், மெக்சிகோக்காரர் ஒருவர், தலைமைக்குக் கனடாவின் சட்ட வல்லுநர் லாஃப்ளர். 1864 வெள்ளத்துக்கு முன்பு ஆறு ஓடிய தடத்தை வைத்து நிலத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள், அதற்கு வடக்கே இருப்பது அமெரிக்காவுக்கு, மிச்சம் மெக்சிகோவுக்கு என்று தீர்ப்பு வந்தது. அமெரிக்கா ஏற்கவில்லை. பிரித்துக் கொடுக்க உங்களுக்கு அதிகாரமே தரவில்லை என்றது. அந்தத் தடத்தை இப்போது யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்றும் சொன்னது. முதல் வாதம் வக்கீல் வாதம். இரண்டாவது வாதத்தை, ஒரு சர்வேயராக, என்னால் முழுதாகத் தள்ள முடியவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஆற்றின் நடுக்கோட்டை, மேலே தெருவும் வீடும் வந்துவிட்ட மணலில் எங்கே போய்த் தேடுவது? ஆனாலும் தோற்றவன் சொல்லும்போது அந்த வாதத்துக்கு அழகு குறைவுதான்.

வழக்கு இப்படி இழுபறியாகக் கிடந்தபோது, பாலத்தில் தினமும் நடந்து போனவர்களின் கதை தனி. ஹுவாரெஸிலிருந்து வீட்டு வேலைக்குக் காலையில் எல் பாசோ போய் மாலையில் திரும்பும் பெண்கள் நிறையப் பேர். 1917இல் டைஃபஸ் காய்ச்சல் பயத்தைச் சொல்லி, அப்படி வருகிறவர்களின் உடைகளைக் கழற்றி, பேனுக்காக மண்ணெண்ணெயும் வினிகரும் கலந்து குளிக்க வைத்தார்கள். ஜனவரி 28ஆம் தேதி, கார்மெலிதா டோரஸ் என்ற 17 வயதுப் பெண் டிராம் வண்டியிலிருந்து இறங்கி, முடியாது என்றாள். கூட வந்த பெண்களையும் சேர்த்துக்கொண்டாள். நேரம் போகப் போகக் கூட்டம் பெருகி, பாலத்தில் போக்குவரத்தே நின்றது. அவளைக் கைது செய்தார்கள். குளியல் அதற்குப் பிறகும் பல வருஷம் நடந்தது. எல்லைக் கோடு எங்கே என்று இரண்டு அரசாங்கங்களுக்கும் உறுதியாகத் தெரியாத அதே ஊரில் நடந்த கதை இது.

கடைசியில் 1963இல், கென்னடியும் லோபஸ் மத்தேயோஸும் ஆட்சியில் இருந்தபோது, ஆகஸ்ட் 29ஆம் தேதி சமிசால் உடன்படிக்கை கையெழுத்தானது. கோர்டோவா தீவிலிருந்து அமெரிக்காவுக்கு 193 ஏக்கர் போனது; கூட்டிக் கழித்துப் பார்த்தால் மெக்சிகோவுக்கு 437 ஏக்கர். ஆறு இனிமேல் ஓடிப்போகாமல் இருக்க, இரு நாடுகளும் செலவைப் பாதிப் பாதி போட்டு, நாலு மைலுக்கு மேல் நீளமாகக் கான்கிரீட் கால்வாய் கட்டி, அதற்குள் ஆற்றை விட்டார்கள். 1968 டிசம்பரில் அதிபர்கள் ஜான்சனும் தியாஸ் ஓர்தாஸும் வந்து அதைத் திறந்துவைத்தார்கள்.

நூறு வருஷத் தாவா முடிந்தது என்று பத்திரிகைகள் கொண்டாடின. உண்மையில் நல்ல முடிவுதான், மறுக்கவில்லை. பலம் உள்ள நாடு தன் கைவசம் இருந்த நகர நிலத்தைப் பேசித் திருப்பிக் கொடுப்பது அடிக்கடி நடக்கிற காரியமா? ஆனால் அந்த நிலத்தில் சுமார் 5,600 பேர் குடியிருந்தார்கள். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளியினர், அமெரிக்கக் குடிமக்கள். நஷ்டஈடு வாங்கிக்கொண்டு சாமான்களை மூட்டை கட்டினார்கள். அவர்கள் கட்டிய வீடு இனிமேல் வேறு நாடு. தோட்டத்து மரத்துக்கு என்ன விலை போட்டிருப்பார்கள் என்று யோசித்தேன். நிலம் எடுக்கும் வேலைக்கு நானும் போயிருக்கிறேன், அதனால் வரும் யோசனை.

ஆறு செய்யும் இந்தச் சேட்டை நாட்டு எல்லையோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் மாநிலங்களுக்குள்ளும் இதே கதை. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரத்தில் விமான நிலையத்திலிருந்து ஊர் மையத்துக்கு வரும் வழியில், நடுவே கொஞ்ச தூரம் பக்கத்து மாநிலமான ஐயோவாவைக் கடக்க வேண்டும். 1877இல் மிசூரி ஆறு வெள்ளத்தில் தன் வளைவை அறுத்துக்கொண்டு நேராகப் பாய்ந்துவிட்டது. வளைவுக்குள் இருந்த ஐயோவா நிலம் நெப்ராஸ்கா கரைக்கு வந்து சேர்ந்தது. 1892இல் உச்ச நீதிமன்றம் அதே பழைய விதியைச் சொன்னது: பாய்ந்து போனதால் எல்லை மாறாது. பழைய ஆற்றுத்தடம் இப்போது லாடம் போல வளைந்த ஏரி. கார்ட்டர் லேக் என்ற அந்தச் சிற்றூர் மட்டும் இன்றுவரை ஐயோவா.

இதையாவது வேடிக்கை என்று சொல்லலாம். காஸ்காஸ்கியாவை அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. இல்லினாய் மாநிலத்தின் முதல் தலைநகரம் அது. 1881இல் மிசிசிப்பி ஆறு பக்கத்துச் சிற்றாற்றின் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஊருக்குக் கிழக்கே பாய ஆரம்பித்தது. பழைய ஊரில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சம் இருக்கும் நிலம் இல்லினாய்க்குச் சொந்தம்தான், ஆனால் சாலை வழியாகப் போக வேண்டுமானால் மிசூரி மாநிலத்துக்குள் நுழைந்துதான் போக வேண்டும். பிரான்ஸ் மன்னர் பதினைந்தாம் லூயி 1741இல் கொடுத்த மணி ஒன்று அங்கே இன்னும் இருக்கிறது. அதன் சத்தம் கேட்கச் சில குடும்பங்கள்தான் மிச்சம்.

அப்படியானால் ஆற்றை விட்டுவிட்டு வரைபடத்தில் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் தொல்லை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். வாஷிங்டன் மாநிலத்தின் பாயிண்ட் ராபர்ட்ஸைப் பாருங்கள். 1846இல் 49ஆம் அட்சக்கோடுதான் எல்லை என்று முடிவு செய்தார்கள். கனடாவிலிருந்து கடலுக்குள் நீளும் ஒரு சிறு நிலமுனையின் நுனி அந்தக் கோட்டுக்குத் தெற்கே விழுந்துவிட்டது. அதனால் அந்த நுனி அமெரிக்கா. அங்கிருந்து தரை வழியாக அமெரிக்காவின் வேறு ஊருக்குப் போக, கனடாவுக்குள் நுழைந்து மறுபடி வெளியே வர வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்வர ஒரு நாளில் நாலு தடவை எல்லைச் சாவடியைக் கடக்கிறார்கள். 2020இல் கொரோனாவுக்காக எல்லையை மூடியபோது ஊரே துண்டிக்கப்பட்டு, படகு விட்டுத்தான் சமாளித்தார்கள். கோடு ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

எல் பாசோவுக்கே திரும்பி வருகிறேன். ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின நாள் சமிசால் நினைவுப் பூங்காவுக்குப் போனேன். அந்தப் பக்கம் ஹுவாரெஸிலும் அதே பெயரில் ஒரு பூங்கா உண்டு. அங்கே பறக்கும் பிரம்மாண்டமான மெக்சிகோ கொடி இங்கிருந்தே தெரியும். 1909இல் கொடியே பறக்கக் கூடாது என்று வைத்திருந்த இடம். குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேலி வரைக்கும் நடந்து போய் ஆற்றைப் பார்த்தேன்.

ஆறு இல்லை. வெறும் கான்கிரீட் தொட்டி, அடியில் கொஞ்சம் ஈரம், அவ்வளவுதான். மேலே நியூ மெக்சிகோவில் 1916இல் கட்டி முடித்த எலிஃபென்ட் பியூட் அணை தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. பாசனக் காலத்தில் திறந்துவிட்டாலும் நகரத்துக்குள் நுழைவதற்கு முன்பே இரு நாடுகளும் தங்கள் பங்கைப் பிரித்துத் தனித்தனி வாய்க்காலில் கொண்டு போய்விடுகின்றன. எல் பாசோ பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் வேகமாக ஓடும். எல்லை தாண்ட வந்து அதில் விழுந்து இறந்தவர்கள் உண்டு. இரண்டு நாட்டையும் பிரிக்கிற ஆற்றுத்தடம் மட்டும் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் காய்ந்து கிடக்கிறது.

வழக்கம் போலக் கண் தரையில் கல்லைத் தேடியது. பக்கத்தில் நின்ற பேரன், "தாத்தா, ஆறு எங்கே?" என்று கேட்டான். அந்த வாய்க்காலைக் காட்டினேன்.

வணக்கம்.