கட்டிலிலிருந்து குளியலறைக் கதவு வரை 9 அடி

வணக்கம். இன்று நான் பேசுவது என் அம்மாவின் படுக்கையறையிலிருந்து. கட்டில் விளிம்பிலிருந்து அதோ தெரிகிற குளியலறைக் கதவு வரை டேப் வைத்து அளந்தேன். சரியாக 9 அடி. 74 வயதான அம்மா, போன கார்த்திகையில் ஒரு நாள் பின்னிரவு 3 மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தபோது, அந்த 9 அடியில் முதல் அடியைக்கூட முழுதாக எடுத்து வைக்கவில்லை. மெத்தைக்கு அடியில் செருகியிருந்த கொசுவலையின் ஓரத்தை உருவிவிட்டு இறங்கியவரின் கணுக்காலில் அந்த வலையே சுற்றிக்கொள்ள, கையை ஊன்றியபடி விழுந்ததில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரிக்க 6 வாரம் ஆயிற்று.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, கீழே விழுவதால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே மிகுதி. இடுப்பெலும்பு முறியாமல் மணிக்கட்டோடு போனதே என்று நாங்கள் ஆறுதல்பட்டுக்கொண்டோம்.

கொசுவலை மீதே முழுப் பழியையும் போட்டுவிட்டேன். பிறகு ஒரு நாள், அம்மா கட்டிலில் உட்கார்ந்திருக்கும்போது பாதங்களைக் கவனித்தேன். இதோ, கேமராவைத் தரை மட்டத்துக்கு இறக்குகிறேன், பாருங்கள். அப்போது இந்தக் கட்டிலின் பலகை 14 அங்குல உயரம். அதன்மேல் நான் ஆசையாக வாங்கிப் போட்ட 10 அங்குல ஸ்பிரிங் மெத்தை. அம்மாவின் குதிகாலிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை 16 அங்குலம்தான். ஆக, ஒவ்வொரு முறையும் அவர் கட்டிலிலிருந்து இறங்கவில்லை, கிட்டத்தட்டக் குதித்திருக்கிறார். இப்போது 4 அங்குலத் தென்னைநார் மெத்தைக்கு மாறிவிட்டோம். உட்கார்ந்தால் இரண்டு பாதமும் தரையில் முழுமையாகப் பதிகின்றன, இடுப்பு முழங்காலைவிடச் சற்றே மேலே இருக்கிறது. இந்த அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், கடைக்காரர் சொல்லும் உயரத்தைக் கேட்காமல் படுப்பவரை உட்காரவைத்துப் பாருங்கள். மிகத் தாழ்வான கட்டிலும் தரையில் விரித்த பாயும் எழுந்திருக்கும்போது முழங்காலைப் படுத்தும்.

அடுத்தது, எழும் வேகம். படுத்திருந்தவர் சட்டென்று எழுந்து நின்றால் ரத்தம் கால்களில் இறங்கித் தேங்கும். அதைச் சமாளிக்க ரத்தக் குழாய்கள் உடனே சுருங்க வேண்டும். வயதானால் அந்தச் சுதாரிப்பு தாமதமாகி, ரத்த அழுத்தம் குறைந்து தலைசுற்றும். ரத்த அழுத்த மாத்திரை, நீர் பிரிக்கும் மாத்திரை, புராஸ்டேட் சுரப்பிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள், தூக்க மாத்திரை ஆகியவை அதை இன்னும் மோசமாக்கக்கூடும். மருத்துவரின் அறையில் நாற்காலியில் உட்காரவைத்து எடுக்கும் ரத்த அழுத்த அளவில் இது பெரும்பாலும் பிடிபடாது. ஆகவே 5 நிமிடம் படுக்கவைத்து ஒருமுறையும், நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடியும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால், எந்த மாத்திரையை எப்போது போடுவது என்பதை மருத்துவரே மாற்றித் தரட்டும். நாமாக எதையும் நிறுத்தக் கூடாது. அம்மா இப்போது கட்டில் ஓரத்தில் 2 நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் பத்துப் பதினைந்து முறை அசைத்த பின்பே எழுகிறார். தொடக்கத்தில், "அதுவரைக்கும் அடக்க முடியுமாடா?" என்று கோபித்துக்கொண்டார். கோபம் நியாயமானதுதான். அதனால் அவசரம் வரும்வரை காத்திராமல், விழிப்பு வந்ததுமே எழுந்து உட்காரப் பழக்கிக்கொண்டோம்.

உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு படுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதே காலோடு டைல்ஸ் தரையில் நடந்தால் என்னவாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எண்ணெய் தேய்த்தால், எழுவதற்கு முன் துடைத்துக்கொள்ளத் தலைமாட்டில் ஒரு துணி இருக்கட்டும். முகத்துக்குப் போடும் பவுடர் தரையில் சிந்தினாலும் அதே கதைதான். கட்டிலருகே கிடந்த, கால் துடைக்கும் மிதியடியை எடுத்துவிட்டேன். புடவையைவிட, தரையைத் தொடும் நைட்டிதான் எனக்குக் கவலை தந்தது. விளிம்பை 3 அங்குலம் மடித்துத் தைத்தாயிற்று.

விளக்கு சுவிட்ச் வாசற்கதவுப் பக்கம் இருந்தால் இரவில் அதனால் பயனில்லை. ஆள் அசைந்தால் தானே எரியும் சிறு விளக்கொன்றைக் கட்டிலுக்கு அடியில் ஒட்டியிருக்கிறேன். அது பாட்டரியில் ஓடுவதால் மின்தடையிலும் எரியும். வெளிச்சம் தரையில் மட்டும் விழுவதால் கண் கூசுவதில்லை. கட்டிலுக்கு இருபுறமும் கம்பித் தடுப்பு வைக்கச் சொல்லிப் பலர் யோசனை கூறினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அதைத் தாண்டி இறங்க முயன்றால் இன்னும் உயரத்திலிருந்து விழ நேரும்.

ஒருவேளை விழுந்துவிட்டால், பதறிப்போய் உடனே தூக்காதீர்கள். இடுப்பில் கடும் வலி இருந்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பியிருந்தாலோ அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மாவுக்கட்டுப் போடும் அன்றுதான் அம்மா இன்னொன்றைச் சொன்னார். அதற்கு முந்தைய மாதமும் இதே இடத்தில் சறுக்கி உட்கார்ந்திருக்கிறார். சொன்னால் தனியாகப் படுக்க விடமாட்டோம் என்று மறைத்துவிட்டார். ஒருமுறை விழுந்தவர் மறுபடி விழும் வாய்ப்பு அதிகம் என்பதால், உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இதைத் திட்டாமல், மெதுவாகக் கேளுங்கள்.

கொசுவலையைக் கழற்றிவிட்டு ஜன்னலுக்கு வலையடித்திருக்கிறேன். இனி மீதமிருப்பது அந்தக் கதவின் கீழே உள்ள ஒன்றரை அங்குல நிலைப்படி. அடுத்த காணொளியில் அதைத் தாண்டிக் குளியலறைக்குள் போகலாம்.