டெலிபோன் லைனில் வந்த டெபியன்

நேயர்களுக்கு வணக்கம்.

2003-ம் வருடம். தஞ்சாவூரில் எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன். அந்தக் கம்ப்யூட்டரில், விண்டோஸைப் போன்ற இன்னொரு இயக்குதளமான டெபியன் லினக்ஸைப் போட வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை. வுடி என்று பெயரிட்ட அதன் 3.0 பதிப்பு முந்தைய ஜூலையில்தான் வந்திருந்தது. மொத்தம் 7 சிடி. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

இறக்குவதில்தான் சிக்கல். டெலிபோன் லைன் வழியாக இணையத்தோடு இணைக்கும் கருவி மோடம். அதன் பெட்டியில் 56 கே என்று போட்டிருக்கும், அதாவது நொடிக்கு 56 கிலோபிட், 7 கிலோபைட். எங்கள் லைனில் நொடிக்கு 4 கிலோபைட் வந்தாலே நல்ல இரவு. 650 மெகாபைட் சிடி ஒன்றுக்கு 46 மணி நேரம் என்று கணக்கு வந்தது. ஏழும் வந்து சேர இரவு பகலாக 13 நாளுக்கு மேல் ஆகும். மீட்டர் வேறு ஓடிக்கொண்டே இருக்கும். கூடத்தில் அம்மா ரிசீவரை எடுத்தால் போதும், லைன் கட்.

ஆனால் டெபியனுக்குச் சிடியே தேவையில்லை. மொத்த அமைப்பும் ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன பேக்கேஜ்களாகப் பிரிந்து கிடக்கும். நமக்கு வேண்டியதை மட்டும் கேட்டால், அதற்குத் துணையாக வேறு எவை வேண்டும் என்பதை ஆப்ட் என்ற நிரலே பார்த்து எடுத்து வரும். கம்ப்யூட்டரைக் கிளப்புவதற்கு அன்று சில ஃபிளாப்பி வட்டுகள் போதுமாக இருந்தன. ஒரு ஃபிளாப்பிக்கு 1.44 மெகாபைட், அதாவது ஆறு நிமிடம். அடிப்படை அமைப்பு ஒரே கோப்பாகக் கிடைத்தது. விண்டோஸில் இருந்தபடியே அதை இறக்கி ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக்கொண்டேன். என் மூன்றாவது ஃபிளாப்பி பாதியில் கரகரவென்று சத்தம் போட்டு நின்றுவிட்டது. வேறொன்றில் எழுதி, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அப்புறம்தான் பெரிய தடங்கல். கம்ப்யூட்டருக்குள் இருந்த மோடத்தை லினக்ஸ் கண்டுகொள்ளவே இல்லை. அந்நாளில் மலிவாக விற்ற அந்த வகைக்கு வின்மோடம் என்று பெயர். மோடம் செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை விண்டோஸ் டிரைவர், அதாவது கருவியை இயக்கும் நிரல்தான் செய்யும். டிரைவர் இல்லாவிட்டால் அது வெறும் அட்டை. அதன் உள்விவரங்களைத் தயாரித்தவர்கள் வெளியிடவில்லை, ஆகவே வேறு யாரும் டிரைவர் எழுதவும் வழியில்லை. மூடிய மென்பொருள் என்றால் என்ன என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. காசு கொடுத்து வாங்கிய என் பொருளிடம் பேசும் உரிமை எனக்கு இல்லை. கடைசியில், சீரியல் போர்ட்டில் செருகும் பழைய வெளி மோடம் ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். அது முதல் தடவையிலேயே டயல் செய்தது.

டெபியனில் இணையத்தை இணைக்கும் கட்டளையின் ஆங்கில எழுத்துகள் மூன்றையும் சேர்த்துப் படித்தால் 'பொன்' என்று வரும். நான் அப்படித்தான் சொல்வேன், இன்றைக்கும். இரவு பதினொன்றுக்கு எல்லோரும் படுத்த பிறகு 'பொன்' என்று தட்டுவேன். மோடம் கீச்சிட்டு, இரைந்து, அடங்கும். திரையில் ஆப்ட் ஒவ்வொரு பேக்கேஜாக எடுத்து வரும். லைன் அறுந்தாலும் கவலையில்லை. பாதி வந்த கோப்பைத் தனி அடைவில், அதாவது ஃபோல்டரில் வைத்திருந்து, விட்ட இடத்திலிருந்தே தொடரும். முழுதும் வந்த பிறகு, கோப்பு சிதையாமல் வந்ததா என்று சரிபார்த்த பிறகே நிறுவும். மெதுவான லைன் வைத்திருப்பவனின் கஷ்டம் தெரிந்த யாரோ உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார்கள் என்று அந்த இரவுகளில் தோன்றும். முகம் தெரியாத அவர்கள்மேல் எனக்கு இருக்கும் மரியாதை இன்னும் குறையவில்லை. சாளரங்களோடு திரை எழுந்து நிற்க ஒன்பது இரவுகள் ஆயின.

இறக்கிய பேக்கேஜ்கள் எல்லாம் ஆப்ட்டின் சேமிப்பு அடைவில் அப்படியே இருந்தன. யாரும் பயன்படுத்தி, மாற்றி, பகிரக்கூடிய இயக்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் கட்டற்ற மென்பொருள் இயக்கம். அந்த இயக்கம் சொல்லும் நான்கு சுதந்திரங்களில் ஒன்று, நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கும் சுதந்திரம். கட்டற்ற மென்பொருள் என்றதும் பலரும் இலவசம் என்பதைத்தான் பேசுகிறார்கள். நொடிக்கு 4 கிலோபைட் வாங்கியவனுக்கு விலையை விட இந்த நகல் உரிமைதான் பெரிது. ஒன்பது இரவு விழித்து எடுத்ததை இன்னொருவர் மறுபடி விழித்து எடுக்க வேண்டாம் அல்லவா?

கரந்தையில் இருந்த நண்பருக்கும் டெபியன் வேண்டும் என்றார். என் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றித் துண்டில் சுற்றி, சைக்கிளில் எடுத்துப்போனேன். டிஸ்க்கின் பின்புறம் இருக்கும் ஜம்பர் என்ற சின்னச் செருகியை மாற்றி, அவர் கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டி, அந்த அடைவை நகலெடுத்தோம். ஆப்ட்டிடம் கேட்டதும் திரையில் ஒரு வரி வந்தது: இறக்க வேண்டியது 0 பைட்.

நிறுவல் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர்கள் வீட்டு டெலிபோன் அடித்தது. அவருடைய அம்மா வந்து நிதானமாக எடுத்து, அரை மணி நேரம் பேசினார்.