பரபக்கம் முதலில்

பெரியோர்களே, தாய்மார்களே,

பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர் நம் மதுரை. மேடையில் அடித்துக்கொண்ட இரண்டு அணியும் வாதம் முடிந்ததும் ஒரே வேனில் ஏறிப் போவார்கள். வீட்டில் அப்படி நடப்பதில்லை. ஒரு தேர்தலோடு நானும் என் மச்சானும் பேச்சை விட்டோம். மூன்று வருஷம். அக்கா மகனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் நான் போகவில்லை. பிள்ளையை வேறொருவர் மடியில் வைத்துக் குத்தினார்கள். அது இன்னும் ஆறவில்லை.

சண்டை நூறு நாள் வேலையில் தொடங்கியது. விவசாயத்தையே கெடுத்துவிட்டது என்றார் அவர். ஏழை வயிற்றில் அடிக்கப் பார்க்கிறீர்கள் என்றேன் நான்.

சைவ சித்தாந்தத்தில் ஒரு முறை உண்டு. எதிராளியின் கொள்கையை முதலில் எடுத்து வைப்பது பரபக்கம். தன் கொள்கை பிறகு, அது சுபக்கம். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியார் என்ற நூலை இப்படித்தான் அமைத்தார். மறுக்கத்தான் எழுதினார். ஆனாலும் கண்ணால் கண்டதை மட்டுமே நம்பும் உலகாயதன் என்ன சொல்கிறான் என்று சொல்லிவிட்டே மறுத்தார். படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. மச்சானின் பரபக்கத்தை நான் ஒருநாளும் சொல்லிப் பார்த்ததில்லை.

மேலூருக்குப் பஸ் ஏறினேன். "நீங்க சொல்றது இதுதானா மச்சான்?" என்று சொல்லிக் காட்டினேன். இல்லை என்றார். மறுபடி சொன்னேன். அதுவும் இல்லை. வரப்பில் நின்று விளக்கினார். பெரியாறு பாசனத்தில் கள்ளந்திரி வரை இருபோகம், மேலூர்ப் பக்கம் ஒருபோகம். தண்ணீர் வந்துவிட்டால் எல்லா வயலுக்கும் ஒரே நேரத்தில் நடவு ஆள் வேண்டும். நாற்று முற்றினால் தூர் கட்டாது. அந்த நேரம் பார்த்துக் கண்மாயில் நூறு நாள் வேலை நடக்கும்.

"அப்ப திட்டமே வேணாம்னு சொல்லல. நடவு சமயத்துல நிறுத்தி வைங்கங்கறீங்க."

"ஆமா மாப்ள, அதைத்தான் சொல்றேன்."

இந்த ஒரு 'ஆமா'வுக்கு மூன்று வருஷம்.

ஆள் கிடைக்காததற்கு நடவுக் கூலி குறைவும் காரணம் என்பதே இன்றும் என் கட்சி. அவரிடமே சொன்னேன். ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் கேட்டார்: "அத்தையும் அந்த வேலைக்குப் போனாங்களே, அவுங்களுக்கு அதால என்ன கிடைச்சுச்சு?"

சொன்னேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் ஒரே கூலி. அம்மா பெயரில் முதல்முறையாக ஒரு பாங்குக் கணக்கு. யாரையும் கேட்காமல் அம்மா வாங்கிக்கொண்டது ஒரு மூக்குக்கண்ணாடி.

"இப்பப் போட்டிருக்காங்களே, அதுவா?" என்றார் மச்சான்.